12,000 கதிர் ஓடிய மில் ஷெட்டை மண்டபமாக்க முடியுமா?

மில்வீட்டுப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். உடுமலைக்கும் பல்லடத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, எங்கள் குடும்பத்துக்கு ஒரு பழைய நூல் மில் இருக்கிறது. தாத்தாவும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து 1956-இல் ஆரம்பித்தது. 12,000 கதிர் (நூலை முறுக்கும் ஸ்பிண்டில்), மூன்று ஷிப்ட். 2009-இல் நின்றது. அடுத்த இரண்டு வருடத்தில் மிஷின்களை எல்லாம் பிரித்து விற்றுவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது கட்டடங்களும், வரிசையாக வேப்பமரங்களும், ஒரு வாட்ச்மேனும், கேட்டுக்குப் பக்கத்தில் மில் பிள்ளையாரும்தான்.

மற்ற பங்குகளை அப்பா காலத்திலேயே வாங்கியாகிவிட்டது. இப்போது எனக்கும் சித்தப்பாவுக்கும் பாதிப் பாதி. சித்தப்பா இடித்துவிட்டு சைட் போடலாம் என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. சின்ன வயதில் ஆயுத பூஜை அன்று தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்பின்னிங் ஹாலுக்குள் நடந்திருக்கிறேன். ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, வண்ணத்தாள் தோரணம். அந்த ஹாலில் கல்யாணம் நடக்க வேண்டும், கச்சேரி நடக்க வேண்டும், கண்காட்சி நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கோவையில் லட்சுமி மில் வளாகத்தில் இன்று கடைகளும் சாப்பாட்டு இடங்களும் வந்துவிட்டன. மும்பையில் பீனிக்ஸ் மில் பெரிய மாலாகவே ஆகிவிட்டது. எங்களுடையது சின்ன இடம், கிராமத்துக்குப் பக்கம். அந்த அளவு பணமும் இல்லை. ஆனாலும் செய்ய முடியும் என்றுதான் தோன்றுகிறது.

விவரம் சொல்கிறேன். ஸ்பின்னிங் ஹால் 200 அடிக்கு 100 அடி. இரும்புத் தூண்கள், ஒரு பக்கம் 20 அடி இடைவெளி, மறுபக்கம் 40 அடி. ரம்பப் பல் மாதிரி நார்த் லைட் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பல்லின் உச்சி 22 அடி, தாழ்ந்த இடம் 14 அடி. தரைக்கடியில் நீளமாகப் பள்ளங்கள் ஓடுகின்றன, மேலே இரும்புக் கம்பித் தட்டு போட்டு மூடியிருக்கிறது. ஹாலை ஒட்டிப் புளோரூம் (பஞ்சை உடைத்து அடித்துச் சுத்தம் செய்த அறை), கொஞ்சம் தள்ளிப் பஞ்சு குடோன் இரண்டு.

ஒரு இன்டீரியர் டிசைனர் வந்து பார்த்தார். கூரைக்குக் கீழே முழுவதும் ஃபால்ஸ் சீலிங், தரைக்கு எபாக்ஸி பூச்சு, பள்ளங்களைக் கான்கிரீட் போட்டு மூடிவிடலாம், நடுவில் நிற்கும் எட்டுத் தூண்களை எடுத்துவிட்டால் மேடை நன்றாகத் தெரியும் என்றார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஹாலில் நின்று ஒரு தடவை கையைத் தட்டிப் பார்த்தேன். அந்தச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. அப்போதிலிருந்து ஒரு சந்தேகம், இந்த இடத்தைத் தெரிந்தவர்கள் யாரிடமாவது கேட்காமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்று. மில்லில் வேலை பார்த்தவர்கள், இப்படி ஒரு கட்டடத்தை மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய பிட்டர் எழுதியது:

அம்மணி, கேட்டீங்களே, அதுவே பெரிய விஷயம். நான் 1978-இல் அப்ரண்டிஸாகச் சேர்ந்து 35 வருடம் மில் மெயின்டனன்ஸில் இருந்தவன். முதல் பத்து வருடம் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம், அப்புறம் கடைசி வரைக்கும் ஹாலுக்கு ஈரக்காற்று அனுப்பும் ஹ்யூமிடிபிகேஷன் பிளாண்ட். உங்கள் ஹாலைப் பார்க்காமலே பாதி சொல்ல முடியும், அந்தக் காலத்து மில்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. கோவையில் ஸ்டேன்ஸ் துரை 1888-இல் முதல் மில்லை ஆரம்பித்தார். ஆனால் மில் பெருகியது 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான். உங்கள் தாத்தா கட்டிய காலத்துக்குள் ஷெட் எப்படி இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பாடமாகிவிட்டது.

அந்தப் பாடம் என்னவென்றால், ஷெட் பஞ்சுக்காகக் கட்டப்படுவது. பஞ்சுக்கு ஈரப்பதம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், நெருப்பு வரக்கூடாது. கட்டடத்தில் இருக்கும் ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஒன்றுக்காக வைத்தது. எது எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள். தெரியாமல் மூடினால் பிறகு திறக்க முடியாது.

முதலில் அந்தப் பள்ளங்கள். அவற்றைக் கான்கிரீட் போட்டு மூடச் சொன்னவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. அதுதான் ரிட்டர்ன் ஏர் டிரெஞ்ச். மேலே தகர டக்ட் வழியாக ஈரக்காற்று இறங்கும், மிஷின் சூட்டையும் பறக்கிற பஞ்சையும் அள்ளிக்கொண்டு கீழே கம்பித் தட்டு வழியாக டிரெஞ்சுக்குள் போகும், அங்கிருந்து பெரிய விசிறிகள் பிளாண்ட் ரூமுக்கு இழுக்கும். 12,000 கதிர் என்றால் 400 கதிர் வீதம் 30 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 15 குதிரைசக்தி மோட்டார் என்று வையுங்கள். மொத்தம் 335 கிலோவாட். அந்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் ஹாலுக்குள் விழும். ஒரு மனுஷன் சும்மா உட்கார்ந்திருந்தால் 100 வாட் சூடு விடுவான். ஆயிரம் பேர் வந்தாலும் 100 கிலோவாட். உங்கள் டிரெஞ்சும் டக்ட் பாதையும் அதைப்போல மூன்று மடங்கு சூட்டை வெளியே தள்ளக் கட்டியவை. புதிதாக அப்படி ஒரு காற்றுப்பாதை செய்ய எவ்வளவு ஆகும் என்று விலை கேட்டுப் பாருங்கள், தலை சுற்றும். உங்களிடம் அது இலவசமாகக் கிடக்கிறது. ஒயர் போகவும் அதே பாதை உதவும், ஆனால் காற்றோடு சேர்க்காமல் தனிக் குழாயில்.

ஒரு எச்சரிக்கை. பழைய பிளாண்டில் தண்ணீர் பீய்ச்சும் ஏர் வாஷர் இருந்தால், அதை அப்படியே ஓட்டினால் ஹால் குளிர்ந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீங்க. வாஷரில் இருந்து வரும் காற்று கிட்டத்தட்ட முழு ஈரமாக வரும். மில் ஓடும்போது மிஷின் சூடு அதைக் காயவைத்து 55, 60 சதவீதத்துக்குக் கொண்டுவரும். மிஷின் இல்லாத ஹாலில் அதே காற்று மழைக்காலத்துத் துணி மாதிரி நசநசவென்று இருக்கும். பட்டுச் சேலை கட்டி வருகிறவர்கள் அரை மணி நேரம் தாங்க மாட்டார்கள். மாசி, பங்குனி மாதிரி வறண்ட நாளில் கொஞ்சமாகத் தண்ணீர் விடலாம். மற்ற நாளில் விசிறி மட்டும் ஓடட்டும்.

டிரெஞ்சுக்குள் யாரும் இறங்குவதற்கு முன் இன்னொன்று. 15 வருடமாக மூடிக்கிடந்த பள்ளத்தில் பஞ்சு அடை அடையாக ஒட்டியிருக்கும். தண்ணீர் தேங்கியிருக்கலாம், பாம்பும் இருக்கலாம். நாலைந்து தட்டுகளை எடுத்து இரண்டு நாள் காற்றாட விட்டுவிட்டு, பிறகு வெளியில் ஒரு ஆள் நிற்க உள்ளே ஒரு ஆள் இறங்க வேண்டும். சுத்தம் செய்து முடிக்கும்வரை ஹாலுக்குள் வெல்டிங்கோ கேஸ் கட்டிங்கோ கூடவே கூடாது. நான் வேலை பார்த்த மில் மூடிய பிறகு, இரும்பு எடுக்க வந்தவர்கள் மேலே கம்பியை அறுத்தார்கள். பொறி தட்டு வழியாக உள்ளே விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் வேலை முடித்துப் போய்விட்டார்கள். உள்ளே பஞ்சு புகைந்து புகைந்து இரவு ஒரு மணிக்கு டிரெஞ்சின் மறுகோடியில் தீ எழும்பியது. பஞ்சுத் தீ அப்படித்தான், ஒளிந்திருந்து வரும்.

அடுத்து கூரை. நார்த் லைட் என்பது கண்ணாடியை வடக்கே பார்த்து வைத்து, வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் உள்ளே வரச் செய்யும் ஏற்பாடு. வெள்ளைக்காரன் ஊரில் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும், அங்கே சரி. நம்ம ஊரில் சித்திரை பிறந்து ஒரு வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரைக்கும் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் வெயில் நேராகக் கண்ணாடி வழியாக இறங்கும். மில்லில் கோடை வந்தால் கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். வைகாசியும் ஆனியும் முகூர்த்த மாதம் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியை அடைத்துவிடாதீங்க, அந்த வெளிச்சம்தான் அந்த ஹாலுக்கே அழகு. வெளிப்பக்கம் சாய்வாக ஒரு தகட்டு மறைப்பு கொடுத்தால் போதும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கட்டாயம் மாற்றுங்கள். ஃபால்ஸ் சீலிங் போட்டு அதற்கு மேலே மறைத்துவைப்பது வேலைக்காகாது. மேலே ஒழுகினால் தெரியாது, எலி குடியேறும், நாளைக்கு லைட் மாட்ட ஒருவன் டிரில் போடுவான், அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன். கழற்றும்போது ஷீட்டை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, துருப்பிடித்த ஜே போல்ட்டை அறுத்து, ஷீட்டை முழுசாக இறக்க வேண்டும். அப்புறம், யாரும் ஷீட் மேல் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர், என்னைவிட இரண்டு வயது இளையவர், கூரைப் பற்களுக்கு நடுவில் மழைத் தண்ணீர் ஓடும் வேலி கட்டருக்குள் அடைத்த வேப்பிலையை எடுக்க ஏறியவர் ஷீட் உடைந்து ரிங் ஃபிரேம் மேல் விழுந்தார். இடுப்புக்குக் கீழே அதன்பிறகு உணர்வு வரவே இல்லை. பழைய ஷீட் பார்க்கக் கல் மாதிரி இருக்கும், அப்பளம் மாதிரி உடையும். ஷீட்டைத் தாங்கும் பர்லின் சட்டங்கள் மேல் பலகை போட்டு, இடுப்பில் பெல்ட் கட்டி, கீழே வலை விரித்துத்தான் ஆள் ஏற வேண்டும். காண்டிராக்டர் செலவு என்று முனகினால் வேறு காண்டிராக்டரைப் பாருங்கள்.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் வேலி கட்டர்தான் இந்தக் கூரையின் நோய். ஒழுகல் எல்லாம் அங்கிருந்துதான் வரும். கட்டரை ஒட்டி உள்ளே தூண் தலையைத் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நல்லது. சத்தம் செத்துப்போய், துரு ஏடு ஏடாகக் கொட்டினால் அந்தத் தூணைக் குறித்துவையுங்கள்.

தூணை எடுக்கலாம் என்று சொன்னாரே, அதைக் கேட்டு எனக்கு உண்மையிலேயே பதறியது. ஒவ்வொரு தூணும் இரண்டு பக்கத்துக் கூரையையும் கட்டரையும், கட்டர் நிறைந்தால் தண்ணீர் எடையையும் தாங்குகிறது. மேடையை 40 அடி இடைவெளி இருக்கும் பக்கத்தில் திருப்பி வையுங்கள். தூண் வரிசை நடைபாதையாக அமைந்துவிடும்.

சமையலைப் புளோரூமில் வையுங்கள். பேல் (பஞ்சுப் பொதி) உடைத்துப் பஞ்சை அடிக்கும்போது ஒரு ஆணியோ கல்லோ சிக்கினால் பொறி பறக்கும், அதனால்தான் புளோரூமுக்கும் ஹாலுக்கும் நடுவில் கனமான சுவரும் இரும்புக் கதவும் வைத்திருப்பார்கள். கேஸ் அடுப்புக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சிலிண்டர் மட்டும் வெளியே, தனிக் கம்பி அறையில். ஆனால் பஞ்சு குடோனைப் பந்தி ஹால் ஆக்கும் எண்ணம் இருந்தால் அவசரப்படாதீங்க. குடோனுக்கு ஜன்னல் இருக்காது, கதவு ஒன்றுதான் இருக்கும். தீ பிடித்தால் காற்றுப் போகாமல் அப்படியே அணைந்துபோகட்டும் என்று கட்டியது. அதில் முந்நூறு பேரை உட்கார வைக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கச் சுவரிலும் புதிய கதவுகள் உடைத்தே ஆக வேண்டும்.

தரைக்கு எபாக்ஸி ஒட்டாது. ஐம்பது வருட ஸ்பிண்டில் ஆயில் சிமெண்டுக்குள் இறங்கியிருக்கும். ஒரு மழைக்காலம் முடிந்ததும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். மேலே தனியாகக் கல் பதிப்பதே வழி. ஃபிரேம் நின்ற போல்ட் குழிகள் வரிசையாக இருக்கும். ஒரு வரிசையையாவது கண்ணாடி போட்டு அப்படியே விட்டுவையுங்கள். அந்த இடத்தில் ஒரு ஆள் ஷிப்டுக்கு எத்தனை மைல் நடந்திருப்பார் என்று வருகிறவர்கள் பார்க்கட்டும்.


ஸ்பீக்கர் பெட்டி எழுதியது:

பிட்டர் அண்ணன் சொன்னதற்கு மேல் கட்டடம் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நான் திருப்பூர், ஈரோடு பக்கம் சவுண்ட் சர்வீஸ் செய்கிறவன். நீங்கள் கை தட்டிப் பார்த்ததை வைத்துப் பேசுகிறேன்.

அக்கா, உங்கள் ஹால் கன அளவு சுமார் 10,000 கன மீட்டர். தரை சிமெண்ட், சுவர் சிமெண்ட், கூரை சிமெண்ட் ஷீட். சத்தத்தை உறிஞ்சும் பொருள் ஒன்றுமே இல்லை. காலியாக இருக்கும்போது எதிரொலி அடங்க ஏழு, எட்டு வினாடி ஆகும். ஆயிரம் பேர் உட்கார்ந்தால் ஆட்களே நிறைய உறிஞ்சிவிடுவார்கள், இரண்டரை வினாடி வரை இறங்கும். ஆனால் பேச்சு புரிய வேண்டுமென்றால் ஒரு வினாடியை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டரை வினாடியில் தவில் அடித்தால் ஒரு சொல்லும் அடுத்த சொல்லும் ஒன்றோடு ஒன்று அப்பிக்கொள்ளும். நாதஸ்வரக்காரர் தன் சத்தமே தன்னைத் துரத்துகிறது என்பார். மைக்கில் பெயர் படித்தால் யாருக்கும் புரியாது, உடனே வால்யூமை ஏற்றச் சொல்வார்கள், இன்னும் மோசமாகும். இது ஒவ்வொரு தகரக் கொட்டகை மண்டபத்திலும் நான் படும் பாடு.

எப்படியும் கூரையை மாற்றப் போகிறீர்கள். அந்த ஒரு வாய்ப்பைத் தவறவிடாதீர்கள். புதிய ஷீட்டுக்கு அடியில் 50 மில்லிமீட்டர் ராக்வுல் (கல்லை உருக்கிச் செய்த கம்பளி மாதிரிப் பொருள்), அதற்குக் கீழே துளை போட்ட தகடு. ராக்வுல் எரியாது, ஃபோம் வேண்டவே வேண்டாம். சுமார் 1,000 சதுர மீட்டர் அப்படிப் போட்டால் ஆயிரம் பேர் இருக்கும்போது ஒன்றேகால் வினாடிக்குள் வந்துவிடும். கூரைச் சாய்வு மொத்தம் 2,000 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், அதனால் பாதிக்கு மேல் போட்டால் போதும். வெயில் சூடும் மழைச் சத்தமும் அதிலேயே குறையும். ரம்பப் பல் கூரை எங்களுக்கு ஒரு வரம் என்பதையும் சொல்ல வேண்டும். தட்டையான கூரையில் சத்தம் தரைக்கும் மேலுக்கும் பந்து மாதிரி எகிறும். சாய்வில் பட்டால் சிதறிவிடும். ஃபால்ஸ் சீலிங் போட்டு அதைத் தட்டையாக்கியிருந்தால் கையில் இருந்த நல்லதையும் இழந்திருப்பீர்கள்.

பெரிய ஸ்பீக்கர் இரண்டை மேடையில் வைத்து 200 அடி தூரம் தள்ளுவதைவிட, ஒவ்வொரு தூண் வரிசைக்கும் சின்னதாக ஒன்று மாட்டி, தூரத்துக்கு ஏற்ப டிலே (சத்தத்தைச் சற்றுத் தாமதமாக விடுவது) கொடுங்கள். தூண் இருப்பது இதற்கு வசதி.

பக்கத்தில் வீடுகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன? மில் ஓடிய காலத்தில் தொழிற்சாலைப் பகுதிக்குப் பகலில் 75 டெசிபல் வரை அனுமதி. குடியிருப்புக்குப் பகலில் 55, இரவில் 45. மில் சத்தத்துக்குப் பழகிய ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். மில் நின்று பதினைந்து வருடமாக அமைதியில் தூங்கிப் பழகியிருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். டி.ஜே. கேட்கும் ஆட்களிடம் புக்கிங் போடும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.


வரைபட மேசை எழுதியது:

கட்டடப் பொறியாளராக இரண்டு விஷயம் மட்டும். மற்றதை மற்றவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள்.

மில் என்பது தொழிற்சாலைப் பயன்பாடு. மண்டபம் என்பது மக்கள் கூடும் இடம். நிலப் பயன்பாட்டு மாற்றம், திட்ட அனுமதி, தீயணைப்புத் துறையின் சான்று, பிறகு 1965-ஆம் வருடத்துப் பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின் கீழ் உரிமம், அதற்குக் கட்டட உறுதிச் சான்று. மின் இணைப்பும் தொழிற்சாலைக் கட்டணத்திலிருந்து வணிகக் கட்டணத்துக்கு மாறும். நிலப் பயன்பாட்டு மாற்றம் கிடைக்கும்வரை கூரையில் பணம் போடாதீர்கள். நேரம் எடுக்கும், பொறுமை வேண்டும்.

இரண்டாவது, கதவு. இதை நான் பெரிய எழுத்தில் எழுத விரும்புகிறேன். மில் ஷெட்டுக்கு வாசல் குறைவு, காரணம் ஈரக்காற்று வெளியே போகக்கூடாது. ஷிப்ட் ஆட்களுக்கு ஒரு வழி, சரக்குக்கு ஒரு வழி, அவ்வளவுதான். ஆனால் ஷிப்டில் நூறு பேர் இருந்தார்கள், அவர்களுக்கு ஒவ்வொரு மூலையும் தெரியும். கல்யாணத்துக்கு வருகிற ஆயிரம் பேருக்கு அந்த இடம் அன்றுதான் அறிமுகம். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓலைப் பந்தல் தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மாப்பிள்ளையும் அதில் போய்விட்டார். 2017 டிசம்பர் 29 அன்று மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில், அதுவும் உங்களைப் போலப் பழைய நூற்பாலை இடம்தான், மாடி உணவகத்தில் பிடித்த தீயில் 14 பேர் போனார்கள். பலர் வழி தெரியாமல் கழிவறைக்குள் ஒதுங்கி, புகையில் மூச்சு முட்டி இறந்தவர்கள்.

மக்கள் கூடும் இடத்தில் வெளியேறும் கதவு இரண்டு மீட்டர் அகலத்துக்குக் குறையக் கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. எல்லாம் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். நான்கு பக்கச் சுவரிலும் திறப்பு வேண்டும். 200 அடி நீளச் சுவரில் தூணுக்கும் தூணுக்கும் நடுவில் இருப்பது வெறும் செங்கல் அடைப்புதான், பாரம் தாங்குவது தூண். அதனால் கதவு வைப்பது சுலபம். மேடை அலங்காரம் செய்கிறவர்கள் துணியால் கதவை மறைப்பார்கள். அதற்கு ஒரே மருந்து, கதவுகளுக்கு முன்னால் தரையில் வேறு நிறக் கல் பதித்து, அங்கே எதுவும் வைக்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுவது.


ரீலிங் மகள் எழுதியது:

உங்கள் மில்லா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதே பாதையில் இருந்த ஒரு மில்லில் என் அம்மா 19 வருடம் ரீலிங்கில் இருந்தார். நூலைச் சிட்டமாகச் சுற்றும் வேலை. பகல் ஷிப்டுக்குக் காலை சங்கு ஊதும் முன்பே எங்களுக்குத் தலை பின்னிவிட்டுக் கிளம்புவார். திரும்பி வரும்போது தலைமுடியில், புருவத்தில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். நானும் தம்பியும் உட்கார்ந்து அதை எடுப்போம். எங்கள் ஊரில் கடிகாரம் இல்லாத வீடு உண்டு, மில் சங்கு கேட்காத வீடு கிடையாது. மில் நின்ற பிறகு கொஞ்ச நாள் அம்மா அந்த நேரத்துக்கு எழுந்து சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஆயுத பூஜை அன்று எங்களையும் உள்ளே விடுவார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அம்மா வேலை செய்யும் இடத்தைப் பார்க்க முடியும். பொரி, சுண்டல், ஒரு இனிப்புப் பொட்டலம். அம்மா தன் ரீலைத் தொட்டுக் காட்டி, இது என்னுடையது என்பார். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் முன்னால் நடந்து போவதை நாங்கள் ஓரமாக நின்று பார்த்திருக்கிறோம். நீங்கள் எழுதியதைப் படித்தபோது அது ஞாபகம் வந்தது. கோபமாகச் சொல்லவில்லை அக்கா. அதே நாளை நீங்களும் மறக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னும் அந்தச் சுற்று வட்டாரத்தில்தான் இருப்பார்கள். ஐம்பது, அறுபது, எழுபது வயதில். மண்டபம் திறந்த பிறகு அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்களால் கொடுக்க முடிகிற வாடகையில் அந்த ஹால் கிடைக்க வேண்டும். கார் நிறுத்தும் ஆளுக்கும் பந்தி பரிமாறும் ஆளுக்கும் வெளியூரிலிருந்து ஆள் கூட்டி வராமல் அந்த வீடுகளில் கேளுங்கள். பிள்ளையாரை நகர்த்தாதீர்கள்.


மில்வீட்டுப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ரீலிங் மகள், உங்கள் பதிவைச் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். இரவு சாப்பிடும்போது, தாத்தா எழுதி வைத்த மஸ்டர் ரோல் (ஆட்களின் வருகைப் பதிவு) நோட்டுகள் பரணில் இருக்கின்றன, பெயரும் ஊரும் அதில் இருக்கும் என்றார். நாளைக்கு இறக்கப் போகிறோம். இடிப்பது பற்றி இன்று அவர் பேசவில்லை. பிள்ளையார் எங்கேயும் போகமாட்டார்.

வரைபட மேசை, கதவுகளை எண்ணினேன். ஹாலுக்கு மொத்தம் மூன்று, அதில் ஒன்று செங்கல் வைத்து அடைத்திருக்கிறது. நீங்கள் சொன்னது சரி. நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கான மனுவை முதலில் போடுகிறேன்.

பிட்டர் ஐயா, வாட்ச்மேன் உதவியோடு வடக்கு ஓரத்தில் ஐந்து கம்பித் தட்டுகளைத் தூக்கிவைத்திருக்கிறோம். யாரும் இறங்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் சுவரில் பஞ்சு சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒட்டியிருக்கிறது, அடியில் முழங்கால் அளவு தண்ணீர். தூண் தலைகளை நீளமான கம்பால் தட்டினேன். மேற்குப் பக்கம் இரண்டு தூண்களில் சத்தம் வரவில்லை, துரு கொட்டியது. மேலே கட்டரில் ஒரு அரசங்கன்று முளைத்து வேர் உள்ளே தொங்குகிறது. உங்களால் ஒரு நாள் நேரில் வர முடியுமா? கார் அனுப்புகிறேன்.


பழைய பிட்டர் எழுதியது:

அரசங்கன்றைப் பிடுங்காதீங்க அம்மணி. வேர் கட்டர் இணைப்புக்குள் போயிருக்கும், இழுத்தால் இணைப்போடு வரும். நான் வந்து பார்த்து அறுக்கலாம். அந்த இரண்டு தூணுக்குக் கீழே யாரையும் நிற்க விடாதீங்க, ஒரு கயிறு கட்டி வையுங்க.

கார் வேண்டாம், பஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மில் கேட்டில் இருப்பேன். என்னோடு பிளாண்டில் வேலை பார்த்த இன்னொருவரையும் கூட்டி வருகிறேன், அவருக்கு டிரெஞ்ச் எங்கே திரும்பும், எங்கே சேரும் என்பது கண்ணை மூடிக்கொண்டு தெரியும். தண்ணீர் இறைக்க ஒரு சின்ன பம்ப்செட், டீசலில் ஓடுவது, ஏற்பாடு செய்து வையுங்க. வைக்கும் இடம் ஹாலுக்கு வெளியே. கரண்ட் மோட்டாரை அந்தத் தண்ணீருக்குள் இறக்கக் கூடாது. அந்த மஸ்டர் ரோலையும் கொண்டு வாங்க. 1980-களில் அந்தப் பக்கத்து மில்களில் எனக்குத் தெரிந்த ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.